கோப்பைக்கு மதிப்பெண், கூடைக்கு?

ரயிலே ஓடாத ஊரில் ஓய்வு பெற்ற ரயில்வே இன்ஜினியருக்கு என்ன வேலை என்று புரோத்ராபூரில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. மகளும் மாப்பிள்ளையும் இங்கே உத்தியோகம் பார்க்கிறார்கள். நானும் என் மனைவியும் பேரனைப் பார்த்துக்கொள்கிறோம். காலையில் அவனைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிட்டால், மாலை வரை செய்தித்தாளும் தேநீரும்தான் எனக்குத் துணை. இந்தக் கட்டுரையும் அந்த இரண்டிலிருந்து பிறந்ததுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஒரு செய்தியைப் படித்துக் காட்டினார். பிரான்ஸ் தேசத்தில் போர்டோ என்ற வட்டாரத்தில் புதிய ஆண்டின் திராட்சை மதுவை நிபுணர்கள் ருசி பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருக்கிறார்களாம்.

"மாமா, சரக்கு இன்னும் பீப்பாயிலதான் இருக்கு. அதுக்குள்ள மார்க் போட்டு, பாட்டில்ல அடைக்கிறதுக்கு முன்னாலேயே பணமும் வாங்கிடறாங்க. நம்ம ஊர்ல எதுக்காவது இப்படி உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு. உங்க கையில இருக்கே, அதுக்குத்தான்" என்றேன்.

அவர் கையில் இருந்தது தேநீர்.

எனக்கு மது அருந்தும் பழக்கம் இல்லை. அதைப் பற்றி எழுதி யாருக்கும் ஆசை காட்டுவதும் என் நோக்கம் இல்லை. ஆனால் ஓர் ஆண்டின் விளைச்சலை யார் மதிப்பிடுகிறார்கள், எதை அளக்கிறார்கள், எதை அளக்காமல் விடுகிறார்கள் என்ற கேள்வி குடிக்காதவனுக்கும் உரியது. அது நம் வீட்டு அடுப்படி வரை வருகிற கேள்வி. ஆகவே சங்கத்து அன்பர்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

போர்டோவில் நடப்பது

போர்டோ என்ற பெயர் நம்மில் பலருக்குப் புதிதல்ல. இந்தத் தீவுகளில் பாக்குத் தோட்டம் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் காய் அழுகாமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறார்களே, அந்தப் போர்டோ கலவை பிறந்த இடம் அதுதான். 1880-களில் அங்கே திராட்சைக் கொடிகளைப் பூஞ்சணம் பிடித்து அழித்தபோது மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் கண்டு சொன்ன மருந்து. அவர்களுடைய மதுவை நாம் அறியோம். மருந்தை நன்றாக அறிவோம்.

அங்கே தோட்டங்களைத் தரம் பிரிப்பது பழைய வழக்கம். 1855-ல் பாரிஸ் நகரத்தில் நடந்த பெரிய கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், தரகர்கள் அதுவரை கிடைத்து வந்த விலையைப் பார்த்துச் சிவப்பு மதுத் தோட்டங்களை ஐந்து வகுப்பாகப் பிரித்தார்கள். நூற்று எழுபது ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பட்டியல்தான் செல்லுகிறது. நடுவில் நடந்த பெரிய மாற்றம், 1973-ல் ஒரே ஒரு தோட்டத்தை இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு ஏற்றியதுதான்.

தோட்டத்தின் தகுதி நிலையானது; ஆண்டின் தகுதி வானத்தின் கையில். செப்டம்பர், அக்டோபரில் திராட்சை அறுவடை. அடுத்த ஏப்ரல் வாக்கில் வணிகர்களும் பத்திரிகை விமர்சகர்களும் வந்து, பீப்பாயில் இருக்கும் இளம் மதுவைச் சுவைத்துத் துப்பி, குறிப்பு எழுதுகிறார்கள். அந்தக் குறிப்பை வைத்து விலை ஏறுகிறது, இறங்குகிறது. பணம் கொடுத்தவர் கைக்குப் பாட்டில் வந்து சேர இன்னும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும். ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்கர், முதலில் வக்கீலாக இருந்தவர், 1982-ஆம் ஆண்டின் மதுவைத் துணிந்து புகழ்ந்து எழுதிப் பெரும் பெயர் பெற்றார். நூறு மதிப்பெண் முறையை உலகம் முழுவதும் பரப்பியவரும் அவரே. ஒரு மனிதருடைய நாக்கு ஒரு மாகாணத்தின் வருமானத்தை அசைத்த கதை அது.

நாக்கு எவ்வளவு நம்பகமானது? 2001-ல் போர்டோவிலேயே ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வெள்ளை மதுவில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து, மதுத் தயாரிப்புப் படிக்கும் 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். அவர்களோ அதன் மணத்தைச் சிவப்பு மதுவுக்கு உரிய சொற்களால் வருணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு ஆமோதித்துவிட்டது. இதைச் சொல்லி நிபுணர்களைக் கேலி செய்ய நான் வரவில்லை. எந்த அளவுகோலுக்கும் ஒரு பிழை உண்டு. அதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துவதுதான் இன்ஜினியரின் பாடம்.

இன்னொரு செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். போர்டோவின் மிகச் சிறந்த ஆண்டுகளில் ஒன்று 1961. அந்த வசந்த காலத்தில் உறைபனி விழுந்து பூவும் பிஞ்சும் கருகின. பிறகு கோடையில் மழை இல்லை. விளைச்சல் மிகக் குறைவு. மீந்த திராட்சையில் சாரம் மிக அதிகம். அதாவது, கொடிக்கு வந்த கஷ்டம் கோப்பைக்குச் சுகமாயிற்று.

குன்னூரில் நான் கண்டது

1990-களின் நடுவில் சில ஆண்டுகள் குன்னூர் லோகோ ஷெட்டில் எனக்கு வேலை. மேட்டுப்பாளையத்திலிருந்து பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தில், பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மலை ஏறும் நீராவி வண்டி அது. 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் போட்ட பாதை. அங்கே என் வீட்டுக்கு எதிரே குடியிருந்த நண்பர், ஒரு தேயிலைத் தரகு நிறுவனத்தில் எழுத்தராக இருந்தார். ஒரு ஜனவரி மாதம் அவர் என்னைச் சுவை பார்க்கும் அறைக்கு அழைத்துப் போனார்.

நீளமான மேஜை. ஜன்னல் வழியே நேர் வெயில் படாத சீரான வெளிச்சம். மேஜை மேல் வரிசையாக வெள்ளைப் பீங்கான் குவளைகள், ஒவ்வொன்றுக்கும் மூடி. முன்னால் அதே எண்ணிக்கையில் வெள்ளைக் கிண்ணங்கள். பின்னால் காய்ந்த தேயிலை வைத்த சிறு தகரங்கள். ஒவ்வொரு குவளைக்கும் ஒரே எடை தேயிலை. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தராசில் எடைக்கல்லுக்குப் பதிலாக ஆறு பென்னி நாணயத்தைப் போட்டு நிறுப்பார்களாம்; அதன் எடை 2.8 கிராமுக்குச் சற்று மேல். கொதி வந்த தண்ணீரை உடனே ஊற்றி, மூடி, கடிகாரம் பார்த்து ஐந்து ஆறு நிமிஷம். உலகத் தர நிர்ணய அமைப்பு 1980-ல் இதற்கென்றே 3103 என்ற எண்ணில் ஒரு விதி வகுத்தது: 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம், ஆறு நிமிஷம். டீ போடுவதற்கு விதி எண்ணா என்று சிரிக்க வேண்டாம். எல்லாக் கோப்பையும் ஒரே மாதிரி தயாரானால்தான் தேயிலையின் வித்தியாசம் தெரியும்.

சுவைப்பவர் ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்தார். கரண்டியில் எடுத்து 'ஸ்ர்ர்ர்' என்று பெரும் சத்தத்தோடு உறிஞ்சினார். நம் வீட்டில் குழந்தை அப்படி உறிஞ்சினால் முதுகில் ஒன்று விழும். காற்றும் தேநீரும் கலந்து வாய் முழுவதும் தெளித்து, மணம் மூக்கின் பின்புறம் ஏற வேண்டும் என்பதற்காக அப்படி. உடனே துப்பிவிட்டு அடுத்த கோப்பை. காய்ந்த இலையின் உருட்டு, வடிகட்டிய இலையின் செம்பு நிறம், சாற்றின் தெளிவு, நாக்கில் ஏற்படும் சுறுசுறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். அவர் சொல்லச் சொல்ல நண்பர் எழுதிக்கொண்டே போனார். ஒரு தேநீர் ஆறும்போது லேசாகக் கலங்கி ஆடை படிந்தாற்போல் ஆனால் அது குறை இல்லை, சத்துள்ள சாறு என்பதற்கு அடையாளம் என்பதை அன்றுதான் கற்றேன்.

என்னையும் சுவைக்கச் சொன்னார்கள். முதல் ஒன்பது கோப்பையும் எனக்கு ஒன்றுதான். பத்தாவதில் ஏதோ பூவின் வாசம் மெல்ல வந்தது. "இது எங்கேயிருந்து?" என்றேன். "குந்தா பக்கத்துச் சரக்கு. பனிக்காலக் கொழுந்து. இந்த வாரம் இதுதான் ராஜா" என்றார் அவர்.

எனக்கு இதில் ஆச்சரியத்தைவிட மரியாதைதான் வந்தது. பொன்மலைப் பணிமனையில் நான் பயிற்சியில் இருந்தபோது, ஒரு மூத்த ஃபிட்டர் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பார். 'ணங்' என்று நீண்டு ஒலித்தால் நல்லது. 'டொக்' என்று செத்த ஒலி வந்தால் விரிசல். கருவிகள் வந்த பிறகும் அந்தக் காது தேவைப்பட்டது. தேயிலைத் தொழிலிலும் அப்படித்தான். இந்தியாவின் முதல் தேயிலை ஏலம் 1861-ல் கல்கத்தாவில் நடந்தது. கொச்சியில் 1947-ல், குன்னூரில் 1963-ல் தொடங்கியது. இன்று ஏலம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. நாக்கு மட்டும் போகவில்லை.

நீலகிரித் தேயிலைக்கும் போர்டோவைப் போல நல்ல பருவம் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் கடும் குளிர், பகலில் சுள்ளென்ற வெயில், மழை இல்லை. செடி மெதுவாக வளர்கிறது. மணம் தரும் பொருள்கள் இலையில் சேர்கின்றன. பழைய முறையில் இலையை உருட்டித் தயாரிக்கும் நீலகிரித் தேயிலைக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2006-ல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத்தில் நடந்த ஏலத்தில் ஒரு நீலகிரித் தேயிலை கிலோ 600 டாலருக்குப் போயிற்று. 2021-ல் குவாஹாத்தி ஏலத்தில் ஓர் அஸ்ஸாம் தேயிலை கிலோ 99,999 ரூபாய். செய்தித்தாள்கள் கொண்டாடின, நாமும் பெருமைப்பட்டோம்.

அத்தை சொன்ன கணக்கு

என் மாமியார் இலங்கை மலைநாட்டில் பிறந்தவர். 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானதே, அந்தக் கணக்கில் ஒரு தலை அவர். 1970-களில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் குந்தா பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்க வந்தார். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு 1968-ல் தேயிலைத் தோட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வேறு பலர் தனியார் தோட்டங்களுக்குப் போனார்கள். இன்னும் சில குடும்பங்கள் நமது நிக்கோபார்த் தீவுகளில் உள்ள கச்சாலுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்கு வந்தன. ஆகவே இந்தப் பத்திரிகையைப் படிக்கும் சிலருக்கு நான் சொல்லப் போவது கதை இல்லை, சொந்த நினைவு.

அந்த ஜனவரியில் நண்பர் ஒரு சிறு பொட்டலம் கொடுத்தார். எனக்கு வாசம் தெரிந்த அதே பத்தாவது கோப்பைத் தேயிலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அத்தையின் லயத்துக்கு எடுத்துப் போனேன். தேயிலைக் காட்டில் இருப்பவர்களுக்கே நல்ல தேயிலை கிடைப்பதில்லையே, கொடுத்துச் சந்தோஷப்படுத்தலாம் என்ற நினைப்பு. அவர் பால் ஊற்றாமல் வைத்து, ஒரு வாய் குடித்தார்.

"வாசம் நல்லாத்தான் இருக்குங்க மாப்பிள்ளை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இந்தக் கொழுந்து வந்த மாசத்துல நான் பதினொரு நாளுதான் மலைக்குப் போனேன்" என்றார்.

எழுந்து போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் நிறுவைத் துண்டுகளை மாதம் வாரியாக நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். எழுதப் படிக்க அவருக்குச் சரளமாக வராது. எண்கள் மட்டும் நன்றாகத் தெரியும். மே மாதத் துண்டு ஒன்றையும் ஜனவரித் துண்டு ஒன்றையும் என் கையில் கொடுத்தார். ஜனவரி நாளில் நிறுத்த எடை, மே மாத நாளில் நிறுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குறிப்பிட்ட எடைக்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூடுதல் காசு கிடைக்கும். பனி மாதத்தில் அந்தப் பேச்சே இல்லை. அவர் அப்போது தற்காலிகத் தொழிலாளி. இரண்டு இரவு உறைபனி விழுந்து பள்ளத்துச் செடியெல்லாம் கருகிப்போனால், மறுநாள் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட மாட்டார்கள். கைக்குழந்தைக்காரி போலக் கை கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

"உங்க ஆபீஸ்ல இதை ராஜான்னு எழுதினாங்களா? சரிதான். எங்களுக்கு ராஜா மழைக்கு அப்புறம் வர்ற கொழுந்துதான். வாசம் இருக்காது, கூடை நிறையும்."

குன்னூர் அறையில் எழுதிய குறிப்பும் உண்மை. அத்தையின் துண்டும் உண்மை. ஒரே தேயிலை, ஒரே ஜனவரி. ஒரு கணக்கில் அது சிறந்த பருவம். இன்னொரு கணக்கில் அரை வயிற்றுப் பருவம். முதல் கணக்கு ஏலத்துக்குப் போயிற்று, பத்திரிகைக்குப் போயிற்று. இரண்டாவது தகரப் பெட்டியிலேயே கிடந்தது.

அளந்ததும் அளக்காததும்

ஒரு பாலத்தைச் சோதித்தால் அறிக்கையில் எதை அளந்தோம் என்று எழுதுவதோடு, எதை அளக்கவில்லை என்றும் எழுத வேண்டும். தூணைப் பார்த்தோம், அடித்தளத்தைப் பார்க்கவில்லை என்றால், அதைச் சொல்லாமல் 'பாலம் நன்று' என்று கையெழுத்துப் போடுவது தவறு. என் கருத்தும் இவ்வளவுதான். கோப்பையைச் சுவைத்து 'தேயிலை நன்று' என்று எழுதுங்கள், சம்மதம். 'ஆண்டு நன்று', 'பருவம் நன்று' என்று எழுதாதீர்கள். ஆண்டு என்பது கோப்பையைவிடப் பெரியது. அதற்குள் கூடையும் இருக்கிறது.

இது தேயிலைக்கு மட்டும் வந்த குறை இல்லை. மாப்பிள்ளை காட்டிய அதே பிரான்ஸ் தேசத்தில், 2023 செப்டம்பரில் ஷாம்பேன் வட்டாரத்தில் கொடும் வெயிலில் திராட்சை பறித்தவர்கள் சிலர் இறந்துபோனார்கள். அதே அறுவடையில் வெளிநாட்டுத் தொழிலாளர்களை இழிவான கட்டடத்தில் அடைத்து வேலை வாங்கிய வழக்கில், 2025-ல் மூன்று பேருக்கு ஆள்கடத்தல் குற்றத்துக்காகத் தண்டனை கிடைத்தது. ஒரு பாட்டிலுக்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்லும் தாளில் இதற்கு இடம் இல்லை. போர்டோவிலும் பெயர் பெற்ற தோட்டங்களைத் தவிர மற்றச் சிறு குடியானவர்கள் விலை கட்டுப்படியாகாமல் தவிக்கிறார்கள். 2023 முதல் அரசாங்க உதவித்தொகை வாங்கிக்கொண்டு கொடிகளையே பிடுங்கி எறிகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கும் ஊரிலேயே இந்த நிலை.

நீலகிரிச் சிறு விவசாயிகள் இதைக் கேட்டால் வியக்க மாட்டார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு நாலிலிருந்து நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் படுகர் சமூகத்தவரும் மற்றவர்களும் கொழுந்தைப் பறித்துத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறார்கள். தென்னிந்தியத் தேயிலையைப் பெருமளவில் வாங்கிய சோவியத் யூனியன் 1991-ல் கலைந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் பச்சைக் கொழுந்து விலை விழுந்தபோது மலை முழுவதும் போராட்டம். லாஸ் வேகாஸில் 600 டாலர் கிடைத்த 2006-லும், இவர்கள் கவலை கிலோ கொழுந்துக்கு ஒரு ரூபாய் கூடுமா என்பதாகவே இருந்தது. உச்சியில் விழுந்த வெளிச்சம் பள்ளத்துக்கு இறங்கவில்லை.

மாப்பிள்ளை இதற்கு மறுப்புச் சொன்னார். "மாமா, ருசி வேற, கூலி வேற. ரெண்டையும் கலந்தா ருசி பாக்குறவர் இரக்கப்பட்டு மட்டத் தேயிலைக்கு மார்க் போட்டுடுவார். அப்புறம் யாரு நம்புவாங்க?" நியாயமான கேள்வி. நான் இரண்டையும் கலக்கச் சொல்லவில்லை. சுத்தியல் தட்டுகிறவர் ஒலியை மட்டும்தான் சொல்ல வேண்டும். எண்ணெய் இருக்கிறதா என்பதை இன்னொருவர் பார்த்து இன்னொரு கட்டத்தில் எழுதுவார். வண்டி புறப்பட இரண்டு கட்டமும் நிரம்ப வேண்டும். அதுபோலப் பருவ அறிக்கையில் கோப்பைக்கு ஒரு கட்டம், கூடைக்கு ஒரு கட்டம் இருக்கட்டும்.

கூடையை அளக்க முடியுமா என்றால் முடியும். பச்சைக் கொழுந்துக்கு அந்த மாதம் மாவட்டச் சராசரி விலை என்ன என்று தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் எத்தனை பேருக்கு எத்தனை நாள் வேலை என்பது பேர்ப் புத்தகத்தில் இருக்கிறது. ஆக, அளவுகள் ஏற்கெனவே உள்ளன. ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் அச்சிடுவதுதான் பாக்கி. "இந்த ஜனவரியில் தேயிலை மிக உயர்வு, கொழுந்து விலை இவ்வளவு, வேலை நாள் இவ்வளவு" என்று மூன்று வரி போதும். மணமுள்ள பனித் தேயிலைக்கு வாங்குகிறவர் கொடுக்கும் கூடுதல் விலையிலிருந்து, பனி மாதத்தில் வேலை இழந்தவளுக்கு ஒரு பங்கு போகிறதா என்று அந்தத் தாளைப் பார்த்தவன் கேட்பான். தாளே இல்லாவிட்டால் கேள்வியே வராது.

இன்னொரு மறுப்பும் உண்டு. மதுவைப் போல வருஷம், தோட்டம், மதிப்பெண் என்று போனால் ஏழையின் டீயும் பணக்காரப் பண்டம் ஆகிவிடாதா? இந்தப் பயம் எனக்கும் உண்டு. கப்பல் துறையில் மூட்டை தூக்குகிறவரும் அதிகாரியும் ஒரே கடையில் ஒரே டீ குடிப்பது சாதாரண விஷயம் இல்லை. பல தோட்டத்துத் தேயிலையைக் கலந்து, ஆண்டு முழுவதும் ஒரே ருசியில், ஒரே விலையில் கொடுக்கும் கலவைக்காரரின் திறமையையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தக் கலவையில் இடத்தின் பெயரும் பருவத்தின் பெயரும் கரைந்துபோகின்றன. பெயர் கரைந்த பிறகு, பறித்தவள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்?

நாம் செய்யக்கூடியது

தீவில் உட்கார்ந்துகொண்டு நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். சிறிய காரியங்கள் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எந்த மலைத் தேயிலை, எப்போது அடைத்தது என்று பாருங்கள். நீலகிரிச் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கு இன்ட்கோசர்வ் என்ற இணையம் இருக்கிறது. அவர்களுடைய தேயிலை தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 'ஊட்டி டீ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாலு பாக்கெட் முறுக்கோடு ஒரு பாக்கெட் கூட்டுறவுத் தேயிலையும் பெட்டியில் இடம் பிடிக்கட்டும்.

இரண்டாவது, வந்த தேயிலையைக் காப்பாற்றுங்கள். நம் தீவுக் காற்றின் ஈரம் தேயிலைக்கு எதிரி. கடையில் அவிழ்த்து வைத்த தேயிலை ஒரு மழைக்காலம் தாங்காது. இறுக்கமான மூடி போட்ட டப்பாவில், மசாலா வாசம் படாத இடத்தில் வையுங்கள். நிறம் மட்டும் திடீரென்று கொட்டினால் சந்தேகப்படுங்கள்: வடிகட்டும் தாளில் சிறிது தேயிலையைப் பரப்பித் தண்ணீர் தெளித்தால், சாயம் கலந்த தேயிலை உடனே கறை விடும், நல்ல தேயிலை அப்படிச் சட்டென்று விடாது.

மூன்றாவது, வருகிற பொங்கல் விழாவுக்கு ஒரு யோசனை. கோலப் போட்டி, உறியடி எல்லாம் இருக்கட்டும். ஒரு மேஜையில் ஐந்து தேயிலை வைப்போம்: நீலகிரிப் பனித் தேயிலை ஒன்று, மழைக்காலத் தேயிலை ஒன்று, அஸ்ஸாம் ஒன்று, இலங்கை ஒன்று, நாம் தினமும் வாங்கும் தூள் ஒன்று. பெயரை மறைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே எடை, ஒரே தானிக்காரி அணைத் தண்ணீர், ஆறு நிமிஷம். பாலும் சர்க்கரையும் கிடையாது. பிள்ளைகள் சத்தமாக உறிஞ்சி மதிப்பெண் போடட்டும். அன்று ஒரு நாள் யாரும் கண்டிக்க வேண்டாம். பிறகு பெயரைத் திறந்து, அது எந்த மாதம், எந்த மலை, அந்த மாதத்தில் கொழுந்து விலை என்ன என்று ஒரு அட்டையில் எழுதி வைப்போம். கச்சாலிலிருந்து வந்த பெரியவர்கள் யாராவது இருந்தால், கொழுந்து எடுப்பது எப்படி, கவாத்து என்றால் என்ன, படங்கு கட்டுவது எதற்கு என்று அருகில் உட்கார்ந்து சொல்லட்டும். இங்கே பிறந்த நம் பேரப் பிள்ளைகளுக்கு மலையும் தெரியாது, லயமும் தெரியாது. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

என் அத்தை 2011-ல் காலமானார். தகரப் பெட்டி இப்போது என் மனைவியிடம் இருக்கிறது. துண்டுகளில் மை வெளுத்துவிட்டது. சில எண்களை மட்டும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம். போன வாரம் மாப்பிள்ளை அதைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக எடுத்து எண்களை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறார். போர்டோவின் மதிப்பெண்ணைப் படித்துக் காட்டியவர் அவர்தான்.

இனி யாராவது "இந்த வருஷம் நல்ல வருஷம்" என்று சொன்னால், அது தேயிலையாகட்டும், நெல்லாகட்டும், நம் தீவுப் பாக்காகட்டும், "யாருக்கு?" என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் தெரிந்த பிறகு டீயைக் குடியுங்கள். ருசி குறையாது.